மொட்டை மாடியில் திருவாதிரை

குழு: எங்கள் வீடு

வெள்ளி

முரளி: (பலமுறை பகிரப்பட்டது) இன்று இரவு திருவாதிரை நட்சத்திரம் வெடிக்கிறது!! வானத்தில் இரண்டு நிலா தெரியும்!! அனைவருக்கும் பகிரவும்!!

வித்யா: ஐயோ, நிஜமா அண்ணி?

செல்வி: இல்லை வித்யா. ஒருநாள் வெடிக்கப்போகிற நட்சத்திரம்தான். ஆனால் அதற்கு இன்னும் ஒரு லட்சம் வருஷம்கூட ஆகலாம் என்கிறார்கள். அண்ணா, இதையெல்லாம் யார் உங்களுக்கு அனுப்புகிறார்கள்?

முரளி: ஆபீஸ் குரூப்பில் வந்தது. மூன்று பேர் அனுப்பினார்களே, உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

அருண்: 2020இல் அது மங்கிப்போனபோதும் இதே கதைதான் சுற்றியது அத்தை.

செல்வி: ஆமாம். 2019 கடைசியில் மங்க ஆரம்பித்து, 2020 பிப்ரவரியில் அதன் பிரகாச எண் 1.6 வரை இறங்கியது. வெடிப்பெல்லாம் இல்லை. அது கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி, நமக்கு முன்னால் திரை போட்டுவிட்டது.

கயல்: 1.6 என்றால் கூடவா குறைவா அத்தை?

செல்வி: வகுப்பு ரேங்க் மாதிரி வைத்துக்கொள். எண் சிறிதானால் பிரகாசம் அதிகம்.

கயல்: எப்போதும் எவ்வளவு இருக்கும்?

செல்வி: அதை மட்டும் இப்போது சொல்லமாட்டேன் 🙂 நாளை இரவு 9:30க்கு எல்லோரும் அவரவர் மொட்டை மாடியில் நின்று அளந்து சொல்லுங்கள். டெலஸ்கோப் வேண்டாம், கண் போதும்.

செல்வி: மூன்று நட்சத்திரம் நேர் வரிசையில் நிற்கும், அதுதான் ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பு. பக்கத்தில் செம்மஞ்சளாகத் தெரிவது திருவாதிரை. மேற்கே ரோகிணி, அது 0.9. கிழக்கே புரோசியான், அது 0.4. இந்த இரண்டும் நமக்கு அளவுகோல். நடுவில் எங்கே நிற்கிறது திருவாதிரை? சரிபாதி என்று தோன்றினால் 0.6 அல்லது 0.7. இரண்டையும் தாண்டி நின்றால் அதையும் சொல்லலாம்.

செல்வி: விளக்கை அணைத்து இருபது நிமிடம் கண்ணைப் பழக்குங்கள், போனைத் தொடக்கூடாது. செம்மஞ்சள் நட்சத்திரத்தை முறைத்துப் பார்க்காதீர்கள், பார்க்கப் பார்க்கப் பிரகாசம் ஏறுவது போல் ஏமாற்றும். சட்டென்று பார்த்து, சட்டென்று அளவுகோலுக்கு மாறுங்கள். அப்புறம் முக்கியமான ஒன்று: எண்ணைக் குழுவில் போடாதீர்கள். எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

சனி

முரளி: 0.1!! புரோசியானைவிட நன்றாகவே பிரகாசம்.

தினேஷ்: நானும் 0.1 என்றுதான் நினைத்தேன் அண்ணா.

வித்யா: எனக்கு 0.2

அருண்: 0.1 👍

செல்வி: குழுவில் போடாதீர்கள் என்றேனே!

முரளி: ஆர்வக்கோளாறு. ஆனால் எல்லோருக்கும் ஒன்றுபோல வந்திருக்கிறதே, நல்லதுதானே?

செல்வி: அண்ணா, நீங்கள் பார்த்த நட்சத்திரம் என்ன நிறம்?

முரளி: வெள்ளை. லேசாக நீலம்.

செல்வி: அது ரைஜல். இடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பது. அதன் அளவு 0.1தான். அளந்தது சரி, ஆள்தான் வேறு.

தினேஷ்: 😂😂

செல்வி: நீ சிரிக்காதே தினேஷ். நீ எதைப் பார்த்தாய்?

தினேஷ்: செம்மஞ்சளைத்தான் அக்கா. அவ்வளவு பிரகாசமாகத் தெரியவில்லைதான். அண்ணன் போட்ட பிறகு, அப்படித்தான் இருக்கும்போல என்று…

கயல்: அத்தை, நான் 0.6 என்று எழுதி வைத்திருந்தேன். எல்லோரும் 0.1 என்றதும் அழித்துவிட்டேன்.

செல்வி: மறுபடியும் எழுது கயல். இன்றைக்கு இந்தக் குழுவில் நம்பக்கூடிய எண் அது ஒன்றுதான்.

செல்வி: எனக்கும் இது நடந்திருக்கிறது. முதன்முதலாகப் பிள்ளைகளுக்குக் காட்டப் போனபோது "பாருங்கள், இது 0.5" என்று நானே வாயைத் திறந்துவிட்டேன். நாற்பது பிள்ளைகளும் 0.5 என்று எழுதிக் கொடுத்தார்கள். வானத்தைப் பார்த்தவர் எத்தனை பேரோ! அன்றிலிருந்து விடையைக் கடைசி வரை சொல்வதில்லை.

முரளி: சரிம்மா, நாளை மறுபடி பார்க்கலாம். வாயைத் திறக்கமாட்டேன்.

ஞாயிறு

செல்வி: எல்லோரும் தனியாக அனுப்பியாயிற்று. இப்போது போடுகிறேன். அண்ணா 0.4, தினேஷ் 0.7, வித்யா 0.5, அருண் 0.6, கயல் 0.6.

முரளி: இந்த முறை செம்மஞ்சள்தான். சத்தியமாக.

வித்யா: ஒரே வீட்டு ஆட்களுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் வந்தால், இதனால் யாருக்கு என்ன பயன் அண்ணி?

செல்வி: கண்ணால் அளந்தால் 0.2, 0.3 முன்பின்னாக வரும். ஆனால் ஒருவர் கூட்டிச் சொன்னால் இன்னொருவர் குறைத்துச் சொல்வார், நிறையப் பேர் சேர்ந்தால் நடுவில் நட்சத்திரத்தின் போக்கு தெரிந்துவிடும். ஏஏவிஎஸ்ஓ என்று மாறொளிர் நட்சத்திரங்களுக்கான அமைப்பு ஒன்று 1911 முதல் இப்படித்தான் சேர்த்து வைக்கிறது. கோடிக்கணக்கான பதிவுகள். அதில் பெரும்பகுதி நம்மைப் போன்ற அமெச்சூர்கள் கொடுத்தது. பதிவு அனுப்ப எனக்கு அங்கே ஒரு குறியீடு இருக்கிறது, வேண்டுமென்றால் நீயும் வாங்கலாம்.

கயல்: அத்தை, பாட்டியும் பார்த்தார்கள். ஆனால் இரண்டு எண் சொல்கிறார்கள். ஆபரேஷன் செய்த கண்ணில் 0.7, இன்னொரு கண்ணில் 0.4. அப்பா "குழப்பாதீர்கள் அம்மா" என்கிறார்.

செல்வி: தினேஷ், அம்மாவைத் தொந்தரவு செய்யாதே! அவர்கள் சொல்வதுதான் பிரமாதம். வயதானால் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி நீல ஒளியை வடிகட்டும். புரோசியான் வெள்ளை, அதனால் கொஞ்சம் மங்கித் தெரியும். பக்கத்தில் செம்மஞ்சளுக்குக் கொண்டாட்டம். ஆபரேஷன் செய்த கண்ணில் தெளிவான லென்ஸ், அந்தச் சலுகை கிடையாது.

கயல்: அப்போது எதை எழுதுவது?

செல்வி: இரண்டையும். எந்தக் கண் என்று பக்கத்தில் குறித்து வை.

கயல்: நாளைக்கும் 9:30தானா என்று பாட்டி கேட்கிறார்கள்.

செல்வி: திருவாதிரை நிதானமாக மாறுவது, வாரம் ஒருமுறை போதும் என்று சொல். அம்மாவுக்குப் பொறுமை இல்லையென்றால் அல்கால் என்ற இரட்டை நட்சத்திரம் இருக்கிறது. 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நட்சத்திரம் இன்னொன்றை மறைக்கும். ஐந்து மணி நேரத்தில் 2.1லிருந்து 3.4க்கு இறங்கிவிடும். அந்தக் கணக்கைப் பிடித்தவர் ஜான் குட்ரிக். 1782இல் பார்க்க ஆரம்பித்தபோது 18 வயது, காது கேளாதவர். நம் இரவில் எப்போது மங்குகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

முரளி: அல்கால் என்ன நிறம்? இப்போதே சொல்லிவிடு செல்வி.