கிழங்கா, கெமிக்கலா? நேற்றைய புரோஜெஸ்டிரான் சண்டையின் மிச்சம்

மண்டபம் மதினி (காலை 6.40)
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு எனக்கு ராத்திரித் தூக்கம் போனது. (வயது 54, தூக்கம் போக வேறு காரணமும் உண்டு, அது கிடக்கட்டும்.) ராமநாதபுரத்தில் இருந்து ஒரு பெண் கேட்டிருந்தாள்: அம்மாவுக்குத் தீட்டு நின்று ஒரு வருடம் ஆகிறது, ஒரு நாளைக்குப் பத்து தடவை குப்பென்று வேர்க்கிறது, லேடி டாக்டர் ஈஸ்ட்ரோஜன் ஜெல்லோடு புரோஜெஸ்டிரானும் (இரண்டும் சூலகம் சுரக்கிற ஹார்மோன்கள்) சேர்த்துத்தான் தருவேன் என்கிறார், அதில் எந்த வகை நல்லது என்று. நம் சாயல்குடி சித்தன் சொன்ன பதில் என்ன தெரியுமா? "கடையில் விற்கும் புரோஜெஸ்டிரான் எல்லாமே கெமிக்கல், மார்பில் புற்று வரும். இயற்கையான புரோஜெஸ்டிரான் காட்டு வள்ளிக்கிழங்கில் இருக்கிறது. கிழங்குக் களிம்பைக் கையில் தடவினால் போதும்."

கிழங்கில் புரோஜெஸ்டிரான் கிடையாது சித்தரே. இருப்பது டயோஸ்ஜெனின் என்ற வேறு சரக்கு. 1940களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் மெக்சிகோவில் போய்க் கிழங்கு தேடி, அதை ஆய்வுக்கூடத்தில் படிப்படியாக மாற்றித்தான் புரோஜெஸ்டிரான் ஆக்கினார். அந்த வேலையை நம் உடம்பு செய்யாது. தடவினாலும் செய்யாது, அவித்துத் தின்றாலும் செய்யாது. 27 வருடம் மருந்துக்கடையில் நின்று கால் வீங்கியவள் சொல்கிறேன்.

சாயல்குடி சித்தன் (காலை 7.05)
ஆக, கிழங்கில் இருந்துதான் வந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். நன்றி மதினி. இத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

மண்டபம் மதினி (காலை 7.09)
முடிக்கிற ஆளைப் பார். பதநீரைக் குடித்தால் வயிற்றுக்குள் கருப்பட்டி விளையுமா? உங்கள் ஊரில்தானே காய்ச்சுகிறார்கள், விறகடுப்புப் பக்கம் போய்க் கேட்டு வாருங்கள்.

சாயல்குடி சித்தன் (காலை 7.11)
கருப்பட்டியும் இயற்கைதானே மதினி?

தொண்டி தம்பி (காலை 7.48)
"இயற்கை" என்றால் என்ன என்று முதலில் பேசிவிட்டு அப்புறம் அடித்துக்கொள்ளுங்களேன். கிழங்கில் பிறந்ததுதான் அளவுகோல் என்றால் நோரெதிஸ்டிரோனும் கிழங்குதான். 1951இல் மெக்சிகோ நகரத்தில் அதைச் செய்தபோது தொடக்கம் அதே கிழங்குச் சரக்கு. ஆனால் அது அப்பட்டமான செயற்கை ஹார்மோன். இன்னொன்று: அமெரிக்காவில் தீட்டு நின்ற பெண்களுக்கு ஹார்மோன் கொடுத்துப் பார்த்த டபிள்யூ.எச்.ஐ. என்ற பெரிய ஆய்வில் கொடுத்த ஈஸ்ட்ரோஜன் சினைக் குதிரையின் மூத்திரத்தில் இருந்து எடுத்தது. அதைவிட இயற்கை வேண்டுமா? எதில் இருந்து வந்தது என்பது கேள்வியே இல்லை. நம் பெண்களின் சூலகம் சுரக்கிற அதே மூலக்கூறா என்பதுதான் கேள்வி. காப்ஸ்யூலில் வரும் மைக்ரோனைஸ்டு (பொடியாக அரைத்த) புரோஜெஸ்டிரான் அதே மூலக்கூறு. புரோஜெஸ்டிரானுக்குப் பதிலாகக் கொடுக்கிற மெட்ராக்ஸி, நோரெதிஸ்டிரோன், டைட்ரோஜெஸ்டிரான் மூன்றும் வேறு.

சாயல்குடி சித்தன் (காலை 7.52)
குதிரை மூத்திரமா! மக்களே, நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். நான் சொன்னது கிழங்கு. இவர்கள் சொல்வது மூத்திரம்.

கீழக்கரை லாத்தா (காலை 8.30)
தொண்டி தம்பி, "வேறு" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டாயே. நான் இரண்டு வருடமாக டைட்ரோஜெஸ்டிரான்தான் சாப்பிடுகிறேன். மாதத்தில் 14 நாள். ஒரு குறையும் இல்லை. துபாயில் இருக்கும் மருமகன் விசாரித்துச் சொன்னார், அதையும் புரோஜெஸ்டிரானில் ஒளி பாய்ச்சித்தான் செய்கிறார்களாம். புரோஜெஸ்டிரானின் தங்கச்சி மாதிரி.

ஒரே ஒரு வேதனை உண்டு. முதல் தடவை சீட்டைக் கொண்டுபோனபோது மருந்துக்கடைப் பையன் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இது கரு தங்குறதுக்குக் குடுக்கிற மாத்திரை ஆச்சே, மகளுக்கா பெரியம்மா?" என்று சத்தமாகக் கேட்டான். பக்கத்தில் பள்ளிவாசல் ஆட்கள் நாலு பேர். எனக்குத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமாம் தம்பி, மகளுக்கு" என்று வாங்கி வந்தேன். மகளுக்குக் கல்யாணமே ஆகவில்லை, அது வேறு கதை.

மண்டபம் மதினி (காலை 8.41)
கல்யாணம் ஆகாத மகள் இருக்க மருமகன் எங்கிருந்து வந்தார் லாத்தா?

கீழக்கரை லாத்தா (காலை 8.44)
மூத்த மகளின் மாப்பிள்ளை. எனக்கு இரண்டு மகள். கணக்கு எடுக்க வந்துவிட்டீர்களா?

மண்டபம் மதினி (காலை 9.02)
சரி, கோபப்படாதீர்கள். ஆனால் ஒளி பாய்ச்சினால் தங்கச்சி என்பது சரியில்லை. வெயிலில் போட்டால் மீன் கருவாடு ஆகிறது. கருவாட்டை மீன் என்று யாரும் விற்பதில்லை. அவ்வளவுதான் சொன்னேன், மாத்திரை கெட்டது என்று சொல்லவில்லை.

கீழக்கரை லாத்தா (காலை 9.04)
நான் கருவாடு சாப்பிடுகிறேன் என்கிறீர்கள். நல்லது.

மண்டபம் மதினி (காலை 9.35)
இந்தப் புற்றுப் பேச்சுக்கு வருகிறேன், ஏனென்றால் சித்தன் அதை வைத்துத்தான் பிழைப்பு நடத்துகிறார். டபிள்யூ.எச்.ஐ. ஆய்வில் கர்ப்பப்பை இருக்கிற 16,608 பெண்கள். பாதிப் பேருக்குக் குதிரை ஈஸ்ட்ரோஜனோடு மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரான் தினமும், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. 2002 ஜூலையில் அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்புப் புற்று கூடியது உண்மை. எவ்வளவு? வருடத்துக்குப் பத்தாயிரம் பேரில் 8 பேர் கூடுதல். கர்ப்பப்பை எடுத்த பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இன்னொரு பகுதி இருந்தது, அதில் மார்புப் புற்று கூடவில்லை. அதனால்தான் உலகமே திரும்பி, கூடச் சேர்த்த மெட்ராக்ஸியைச் சந்தேகமாகப் பார்த்தது. அப்புறம் பிரான்சில் 80,000 பெண்களுக்கு மேல் பின்தொடர்ந்து 2008இல் எழுதினார்கள்: ஈஸ்ட்ரோஜனோடு அசல் புரோஜெஸ்டிரான் (தம்பி சொன்ன அதே மூலக்கூறு) எடுத்தவர்களுக்குக் கூடுதல் இல்லை, டைட்ரோஜெஸ்டிரானில் தெளிவான கூடுதல் இல்லை (லாத்தா கவனிக்க), மற்ற செயற்கை வகைகளில், ஹார்மோனே எடுக்காதவர்களைப் போல 1.69 மடங்கு.

இதில் கிழங்கு எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை.

சாயல்குடி சித்தன் (காலை 9.37)
அசல் புரோஜெஸ்டிரான் எதில் இருந்து வந்தது என்று நீங்கள்தானே காலையில் சொன்னீர்கள்? கிழங்கு.

தொண்டி தம்பி (காலை 9.50)
மதினி, ஒரு திருத்தம். பிரான்ஸ் ஆய்வு சீட்டுக் குலுக்கிப் பிரித்துக் கொடுத்த ஆய்வு இல்லை, அவரவர் எடுத்ததைக் கவனித்த ஆய்வு. அதே ஆய்வின் பிந்தைய அலசலில், ஐந்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தவர்களிடம் அசல் புரோஜெஸ்டிரான், டைட்ரோஜெஸ்டிரான் வகையிலும் கொஞ்சம் கூடியது. "கூடுதல் இல்லை" என்று அப்படியே போட்டுவிட்டீர்கள்.

மண்டபம் மதினி (காலை 9.53)
நீ யார் பக்கம் தம்பி?

தொண்டி தம்பி (காலை 9.54)
எந்தப் பக்கமும் இல்லை.

மண்டபம் மதினி (காலை 9.58)
போன ஆடியில் பனங்கற்கண்டுக்குச் சர்க்கரை ஏறாது என்று இதே சித்தன் எழுதியபோதும் நீ இப்படித்தான் நடுவில் நின்றாய். ஞாபகம் இருக்கிறது.

பாம்பன் பாசிக்காரி (காலை 11.20)
இப்போதுதான் பாசி எடுத்துக் கரை ஏறினேன், மேலே எல்லாம் படிக்க நேரம் இல்லை. ஒரு சந்தேகம் மதினி. எனக்கு 38 வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்படித்தான். எனக்கும் இந்தப் புரோஜெஸ்டிரான் வேண்டுமா?

அப்புறம் என் அக்கா கதை. அவளுக்கு எழுதிக் கொடுத்தது உருண்டையான காப்ஸ்யூல், விரலில் வைத்தால் மீன் முட்டை மாதிரி மெத்தென்று இருக்கும். காலை மாத்திரையோடு மாத்திரையாக அதையும் விழுங்கிவிட்டு வல்லத்தில் ஏறிவிட்டாள். கடல் பாரில் (பாறைத்திட்டில்) முங்குவதற்கு முன்னாலேயே தலை கிறுகிறுத்து, அணியத்தில் சாய்ந்து தூங்கிவிட்டாள். முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பினோம். இது விஷமா?

மண்டபம் மதினி (காலை 11.31)
விஷம் இல்லை ஆத்தா, நேரம் தப்பு. அதை ராத்திரி படுக்கப் போகும்போதுதான் போட வேண்டும். ஈரலில் அது உடைந்து தூக்கம் தருகிற ஒரு பொருளாக மாறுகிறது. தூக்கம் வராதவர்களுக்கு அதுவே லாபம். தினமும் என்றால் 100 மில்லிகிராம், மாதத்தில் 12 நாள் என்றால் 200, அதுதான் வழக்கமான அளவு. அக்காவை இனிமேல் அதைப் போட்டுவிட்டுக் கடலுக்குப் போகவே கூடாது என்று சொல்.

உனக்குப் பொதுவாகத் தேவைப்படாது. ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்தால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும், நாளாவட்டத்தில் புற்றாகவும் மாறலாம். அதைத் தடுக்கத்தான் புரோஜெஸ்டிரான். பை இல்லாதவளுக்குச் சுவர் ஏது? எண்டோமெட்ரியோசிஸ் (உட்சுவர் மாதிரித் திசு பைக்கு வெளியே வளர்கிற நோய்) மாதிரி சில விஷயங்களில் மட்டும் டாக்டர் யோசிப்பார்.

பாம்பன் பாசிக்காரி (காலை 11.36)
சரி மதினி. கிழங்கு விஷயத்தில் ஒன்று சொல்லட்டுமா? நாங்கள் எடுக்கிற கட்டக்கோரைப் பாசியைக் கம்பெனிக்காரன் வாங்கிப்போய் அல்ஜின் என்ற பசைச் சரக்கு எடுக்கிறான். நான் நாள் முழுக்க அந்தக் கட்டக்கோரைக்குள்ளேதான் கிடக்கிறேன். என் உடம்பில் ஒரு சொட்டு அல்ஜின் ஊறவில்லை. சிரங்குதான் வந்தது.

சாயல்குடி சித்தன் (காலை 11.40)
பாசி வேறு, கிழங்கு வேறு சகோதரி.

கீழக்கரை லாத்தா (பகல் 12.15)
காப்ஸ்யூலைத் தூக்கி வைத்துப் பேசுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. அதற்குள் இருப்பது எண்ணெய்தானே? சில கம்பெனிக் காப்ஸ்யூலில் கடலை எண்ணெய் என்று கேள்விப்பட்டேன். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் என்ன செய்வார்கள்? என் மாத்திரையில் அந்த வம்பு இல்லை.

மண்டபம் மதினி (பகல் 12.22)
அது நியாயமான கேள்வி. புரோஜெஸ்டிரானை வெறுமனே விழுங்கினால் சரியாக உடம்பில் ஏறாது, அதனால்தான் பொடியாக அரைத்து எண்ணெயில் கலக்கிறார்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் அட்டையைப் படித்து, டாக்டரிடம் சொல்லிவிட்டு வாங்க வேண்டும். ஆனால் நம் ஊரில் கடலை எண்ணெயில் மீன் பொரித்துத் தின்று வளர்ந்தவர்களுக்கு இது பெரிய விஷயமா?

கீழக்கரை லாத்தா (பகல் 12.25)
கடலை எண்ணெயில் மீன் பொரிப்பது மண்டபத்துப் பழக்கம். எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய்.

தொண்டி தம்பி (பகல் 12.27)
தேங்காய் எண்ணெயில் சீலா பொரித்தால் மீன் வாசனையே தெரியாதே லாத்தா.

பாம்பன் பாசிக்காரி (பகல் 12.30)
விளமீனுக்கு நல்லெண்ணெய். பேச்சே கிடையாது.

கீழக்கரை லாத்தா (பகல் 12.33)
நல்லெண்ணெய் குழம்புக்கு. பொரிக்க யாராவது ஊற்றுவார்களா? காசு மரத்தில் காய்க்கிறதா?

மண்டபம் மதினி (பகல் 1.10)
எண்ணெயை விடுங்கள். களிம்பு விஷயத்தை நான் விடுவதாக இல்லை. கடைக்கு ஒரு வாடிக்கைக்காரப் பெண் வருவாள். ஈஸ்ட்ரோஜன் ஜெல்லை ஒழுங்காகப் போட்டுக்கொண்டாள், புரோஜெஸ்டிரான் காப்ஸ்யூலை மட்டும் நிறுத்திவிட்டு, யாரோ சொன்னார்கள் என்று கிழங்குக் களிம்பு தடவினாள். எட்டாவது மாதம் கறை பட்டது. நின்றுபோன தீட்டு திரும்பி வந்தது இளமை வந்த அடையாளம் என்று அவள் மாமியார் சந்தோஷப்பட்டாராம். நான் திட்டி ஸ்கேனுக்கு அனுப்பினேன். உட்சுவர் தடித்திருந்தது, சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். நல்லவேளை, புற்று இல்லை. தீட்டு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும். கிழங்குக் களிம்பு என்று இல்லை, அசல் புரோஜெஸ்டிரானைக் களிம்பாகத் தடவினாலும் உட்சுவரைக் காக்கும் அளவுக்கு உள்ளே போவதை நம்ப முடியாது.

சாயல்குடி சித்தன் (பகல் 1.16)
அந்தப் பெண் வாங்கியது எந்தக் களிம்பு? எங்கள் களிம்பில் சுத்தமான கிழங்கு மட்டும்தான்.

மண்டபம் மதினி (பகல் 1.17)
"எங்கள்" களிம்பா?

தொண்டி தம்பி (பகல் 1.17)
"எங்கள்"?

சாயல்குடி சித்தன் (பகல் 1.29)
நண்பர் ஒருவர் செய்கிறார். நான் நாலு பேருக்குச் சொல்வதோடு சரி. லாபம் பார்க்கிறவன் நான் இல்லை. 27 வருடம் கமிஷனுக்கு மாத்திரை விற்றவர்கள் இதைப் பற்றிப் பேசக் கூடாது.

மண்டபம் மதினி (பகல் 1.33)
சம்பளத்துக்கு நின்றேன் ஐயா, கமிஷனுக்கு இல்லை. அந்தச் சம்பளமும் மூன்று மாதம் பாக்கி வைத்து அனுப்பினார்கள், அதைக் கேட்டால் அழுகை வரும்.

ராமநாதபுரம் மகள் (பிற்பகல் 3.05)
எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கேட்டது நான்தான். அம்மாவுக்குக் கர்ப்பப்பை இருக்கிறது. டாக்டர் மூன்று வழி சொன்னார்: ராத்திரிக் காப்ஸ்யூல், டைட்ரோஜெஸ்டிரான் மாத்திரை, இல்லையென்றால் கர்ப்பப்பைக்குள்ளே வைக்கிற மிரெனா (புரோஜெஸ்டிரான் மாதிரி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடும் சின்னச் சாதனம்). காப்ஸ்யூல் விலை கொஞ்சம் கூட. நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மண்டபம் மதினி (பிற்பகல் 3.12)
அம்மாவுக்குத் தூக்கம் எப்படி? மாத்திரையை மறக்கிற ஆளா? வீட்டில் யாருக்காவது மார்புப் புற்று, காலில் ரத்தக்கட்டி உண்டா? இதையெல்லாம் டாக்டரிடம் சொல். தூக்கம் கெட்டிருந்தால் என் ஓட்டு காப்ஸ்யூலுக்கு. மறக்கிற ஆள் என்றால் மிரெனா, வைத்துவிட்டால் வருடக்கணக்கில் கவலை இல்லை.

கீழக்கரை லாத்தா (பிற்பகல் 3.14)
கருவாட்டுக்கு ஓட்டு இல்லையா?

சாயல்குடி சித்தன் (பிற்பகல் 3.20)
தங்கச்சி, காப்ஸ்யூலையே வாங்குங்கள். அதுவும் கிழங்குதான், மதினியே சொல்லிவிட்டார்.

மண்டபம் மதினி (பிற்பகல் 3.21)
நான் எங்கே சொன்னேன்?

சாயல்குடி சித்தன் (பிற்பகல் 3.22)
காலை 6.40.

மண்டபம் மதினி (பிற்பகல் 3.40)
6.40இல் நான் எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். "கிழங்கில் புரோஜெஸ்டிரான் கிடையாது." கி-டை-யா-து. இரண்டாவது பத்தி, முதல் வரி. பேத்தி பள்ளிக்கூடத்தில் இருந்து வந்துவிட்டாள், போய்விட்டு வருகிறேன். பதில் வரவில்லை என்பதற்காக ஜெயித்துவிட்டதாக யாரும் எழுத வேண்டாம்.

சாயல்குடி சித்தன் (பிற்பகல் 3.41)
பதில் இல்லை. கிழங்கு வாழ்க.

மண்டபம் மதினி (பிற்பகல் 3.41)
இன்னும் போகவில்லை.