பூடானின் மகிழ்ச்சிக் கணக்கு: நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

மலைப்பாதை எழுதியது:

பூடான் என்றதும் "மகிழ்ச்சியான நாடு" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். அங்கே உள்ளபடியே எதைக் கணக்கெடுக்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. புனாக்கா பக்கம் ஒரு விவசாயி வீட்டில் தங்கியபோதுதான் எனக்கு அது விளங்கியது.

வயல் ஓரத்தில் மூங்கில் பரண். அதிலிருந்து கயிறு போய்த் தகர டப்பாக்களில் முடிகிறது. நெல் முற்றும் மாதங்களில் வீட்டில் ஒருவர் இரவெல்லாம் அங்கே உட்கார்ந்து கயிற்றை இழுத்துக் காட்டுப்பன்றியை விரட்ட வேண்டும். "மொத்த தேசிய மகிழ்ச்சி"யை அளக்கும் 2022 கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் அந்த விவசாயியிடம் கேட்டவற்றில் இதுவும் ஒன்று: வன விலங்குகளால் பயிர் எவ்வளவு பாழாகிறது? அதோடு, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், அக்கம்பக்கத்தாரை நம்புகிறீர்களா, நோய்வாய்ப்பட்டால் உதவிக்கு யார் வருவார்கள் என்றும் கேட்டிருக்கிறார்கள். அவர் மனைவி மாட்டுக்குத் தீனி வைப்பதும் சமைப்பதும் அந்தக் கணக்கில் உழைப்பு நேரமாகவே சேர்கின்றன. பன்றி விரட்டிய இரவுக்கும் அடுப்படியில் கழிந்த பொழுதுக்கும் ஜி.டி.பி.யில் ஏது இடம்? நம் ஊரில் எந்த அதிகாரி ஒரு விவசாயியிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்?

16 வயதில், 1972-இல் பட்டத்துக்கு வந்த மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக் முன்வைத்த எண்ணம் இது. மொத்த தேசிய மகிழ்ச்சிக்கு உகந்த நிலைமைகளை உருவாக்க அரசு பாடுபட வேண்டும் என்று 2008 அரசியலமைப்பில் எழுதியே வைத்துவிட்டார்கள். 9 துறைகள், 33 குறியீடுகள். 2022-இல் 11,052 பேரிடம் கேட்டார்கள். 0 முதல் 1 வரை போகும் குறியீட்டெண் 2010-இல் 0.743 ஆக இருந்தது, அப்போது 0.781. எண் ஏறியது நல்லதுதான். ஆனால் கேள்விகள்தான் எனக்குப் பெரிதாகப் பட்டன.

வேலூர்க்காரன் எழுதியது:

எனக்குப் பூடானைத் தெரியாது, பூடான்காரர்களைத் தெரியும். தங்கள் நாட்டில் செய்ய முடியாத சிகிச்சைக்கு அந்த அரசு நோயாளிகளை இந்தியாவுக்கு அனுப்புகிறது. கொல்கத்தாவுக்குப் பலர் போகிறார்கள். எங்கள் ஊர் சி.எம்.சி. மருத்துவமனைக்கும் வருகிறார்கள். லாட்ஜ்கள் இருக்கும் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பதால், வடக்கிலிருந்து வருபவர்களோடு பேசிப் பேசி எனக்கு இந்தி வந்துவிட்டது.

ஒரு அம்மா கிலோக் கணக்கில் பச்சை மிளகாய் கேட்டார். ஊறுகாய் போடவா என்றேன். இல்லை, மிளகாயைத்தான் பாலாடைக்கட்டியோடு வேக வைத்துச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்கிறார்கள்! கணவருக்குச் சிறுநீரகக் கோளாறு. நகையை அடகு வைத்தீர்களா, நிலத்தை விற்றீர்களா என்று விசாரித்தேன். எங்கள் தெருவில் நோயாளியோடு வருபவரிடம் எல்லோரும் கேட்பதுதான். எதற்கு விற்க வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டார். சிகிச்சைச் செலவும் வழிச் செலவும் அரசுடையது. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. தாலியைக் கழற்றி விற்றுவிட்டு வந்தவர்களை அதே லாட்ஜில் பார்த்தவன் நான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த அம்மாவின் மகன் ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் இருக்கிறான். படித்த பிள்ளைகள் ஊரில் தங்குவதில்லை என்று வருத்தப்பட்டார். மருந்து இலவசமாகக் கிடைத்தாலும் பிள்ளைக்கு வேலை வேண்டுமே.

கொலம்பஸ் தமிழன் எழுதியது:

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன். ஆனால் ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அமெரிக்காவின் ஒஹையோவில் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில், நேபாளிகள் அணியும் டாக்கா தொப்பி போட்டுக்கொண்டு மாலையில் நடப்பார். தெற்குப் பூடானில் பிறந்த, நேபாளி பேசும் லோட்சம்பா சமூகத்தவர். பையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதம் வைத்திருக்கிறார்: அவருடைய அப்பா 1958-இல் நிலவரி கட்டிய ரசீது. மடிப்புகள் கிழிந்து, நாடா ஒட்டியிருக்கிறது. 1988 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடியுரிமைக்குச் சான்றாகக் கேட்டது 1958-ஆம் ஆண்டின் ரசீதைத்தான். அதைக் காட்டியும் 1990களின் தொடக்கத்தில் ஊரைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று என்கிறார். பிறகு நேபாளத்தின் ஜாப்பா மாவட்டத்தில் அகதி முகாம், மூங்கில் குடிசை. 2008-க்குப் பிறகு அமெரிக்கா. இப்படி வெளியேறியவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். அந்த நாட்டின் இன்றைய மக்கள்தொகையே சுமார் எட்டு லட்சம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

"மகிழ்ச்சியைப் பற்றி உங்களிடம் கேட்டால் என்ன சொல்வீர்கள், தாத்தா?" என்றேன். ஏலக்காய்த் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். மகிழ்ச்சியை அளக்கும் 33 குறியீடுகளும் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும்தான். வெளியே தள்ளப்பட்டவரின் கதவை யார் தட்டுவார்கள்?

மலைப்பாதை எழுதியது:

கொலம்பஸ் நண்பரே, நீங்கள் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. அந்த விவசாயியிடம் கேட்ட கேள்விகளை இப்போதும் உயர்வாகவே நினைக்கிறேன். அதனால்தான் அவற்றை அந்தப் பெரியவரிடமும் கேட்டிருக்க வேண்டும் என்கிறேன். சாம்சி, சிராங் போன்ற தெற்கு மாவட்டங்களில் இன்றும் நேபாளி பேசும் மக்கள் இருக்கிறார்கள். அங்கே தங்கியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். கணக்கெடுக்க வந்தவர்கள் அவர்களிடம் எந்த மொழியில் பேசினார்கள், அவர்கள் மனம் திறந்து பதில் சொன்னார்களா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.