கிளட்ச் கவரைத் திரும்ப மாட்டிய பிறகு ஆயில் கசிகிறதா? எங்கள் அனுபவங்கள்

கிளட்ச் பிளேட் மாற்றி வந்த வண்டியில் ஆயில் கசிந்தால் எல்லோரும் முதலில் சொல்வது "பேக்கிங் போயிடுச்சு" என்பதுதான். பேக்கிங் என்பது கவருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஆயில் கசியாமல் வைக்கிற காகிதத் தகடு. நான் திறந்து பார்த்த வண்டிகளில் பேக்கிங் மேல் குறை இருந்தது குறைவு. அது உட்காரும் முகம்தான் பெரும்பாலும் கெட்டிருக்கும்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் பழைய ஸ்பிளெண்டர் வைத்திருக்கிறார். வலது பக்கக் கவரின் அடியில் சொட்டிக்கொண்டே இருந்தது. புதுப் பேக்கிங் போட்டும் நிற்கவில்லை. "தம்பி, நீ ஒரு தடவை கழற்றிப் பாரேன்" என்றார். ஆயிலை வடித்துவிட்டுக் கவரை எடுத்தேன். விளிம்பு முழுக்க சிலிக்கான் பேஸ்ட் தடிமனாகப் பிதுங்கியிருந்தது. வெளியே பிதுங்குகிற பேஸ்ட் உள்ளேயும் பிதுங்கும். காய்ந்த துண்டுகள் ஆயிலோடு போய் அடியிலுள்ள சல்லடையை அடைத்தால் இன்ஜினின் மேல் பகுதியான ஹெட்டுக்கு ஆயில் சரியாக ஏறாது. கசிவுக்கு ஆகும் செலவெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பேஸ்ட்டை எல்லாம் எடுத்த பிறகு இன்ஜின் பக்க முகத்தில் விரல் நகத்தை மெதுவாக ஓட்டினேன். கீழ் விளிம்பில் ஓரிடத்தில் நகம் தடுக்கியது. கவர் ஒட்டிக்கொண்டு வராததால் யாரோ ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பியிருக்கிறார்கள். அலுமினியம் மென்மையான உலோகம், ஒரே நெம்பில் பள்ளம் விழுந்துவிடும். காகிதப் பேக்கிங் அந்தப் பள்ளத்தை நிரப்பாது. கவர் வரவில்லையென்றால் முதலில் எல்லா போல்ட்டும் வந்துவிட்டதா என்று பாருங்கள், அப்புறம் ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் லேசாகத் தட்டுங்கள். தானாக விட்டுக்கொடுக்கும்.

இன்னொரு கோளாறும் அதே வண்டியில் இருந்தது. கவர் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் கிடையாது. நீளமான ஒன்று குட்டையான துளையில் போயிருந்தது. அது அடியில் போய் முட்டி நிற்கும். ஸ்பானரில் நல்ல டைட்டாகத் தெரியும், ஆனால் அந்த இடத்தில் கவர் அழுந்தியே இருக்காது. எதிர்மாறாகக் குட்டை போல்ட் நீளத் துளையில் போனால் இரண்டு மூன்று மரைதான் பிடிக்கும், முடுக்கும்போது மரை உரிந்து வரும். ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, கழற்றும்போதே அந்தந்த இடத்தில் குத்தி வைத்தால் இந்தக் குழப்பமே வராது.

பழைய பேக்கிங் ஒட்டிக்கொண்டிருந்த இடங்களைத் தின்னரில் ஊறவைத்து பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் எடுத்தேன். பிளேடு வேண்டாம். இன்ஜின் பக்கம் எமரித் தாளும் வேண்டாம், பொடி உள்ளே விழும். கவரைத் தனியாக ஒரு கண்ணாடிப் பலகை மேல் நைஸ் எமரி விரித்து லேசாகத் தேய்த்துச் சமப்படுத்திவிட்டு நன்றாகக் கழுவினேன். பள்ளம் இருந்த இடத்தில் மட்டும் சிலிக்கான் ஒரு மெல்லிய பூச்சு. கவரைச் சரியான இடத்தில் உட்காரவைக்கிற சின்னக் குழாய் மாதிரியான இரண்டு டவல் பின்களும் (dowel pin) இடத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பது முக்கியம். ஒன்று பழைய பேக்கிங்கோடு குப்பைக்குப் போய்விடுவது சாதாரணம். பின் இல்லாவிட்டால் கவர் கொஞ்சம் விலகி உட்காரும்.

ஆயிலை வடித்தாலும் கிளட்ச்சிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி கீழ் விளிம்பை நனைத்துக்கொண்டே இருக்கும். அதனால் கவரை வைப்பதற்குச் சற்று முன்னால் அந்த இடத்தைக் கடைசியாக ஒரு முறை துடைக்க வேண்டும். போல்ட்டுகளைக் கையால் முழுக்க ஏற்றிவிட்டு, எதிரெதிராக, ஒரே மூச்சில் முடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக. 6 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். நீளக் கைப்பிடி ஸ்பானரை இதற்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.

அந்த வண்டி இப்போது கசிவதில்லை.

கோவையிலிருந்து ஓர் உறுப்பினர்:

என்னிடம் இருப்பது யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். 1996-இல் தயாரிப்பு நின்ற வண்டி என்பதால் கவரும் இன்ஜின் கேஸும் கெட்டுப்போனால் நல்ல மாற்று கிடைப்பது பெரும்பாடு. அதனால்தான் ஸ்டார் ஸ்க்ரூக்களை வெறும் ஸ்க்ரூடிரைவரால் திருகித் தலையை வழவழவென்று ஆக்காமல் இம்பாக்ட் டிரைவர் வைத்துத் தட்டிக் கழற்றுவேன். நீங்கள் விட்ட ஒரு விஷயம்: கிக்கர் ஷாஃப்ட் ஆயில் சீல், அதாவது கிக்கர் மாட்டுகிற தண்டு கவர் வழியாக வெளியே வரும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையம். கவரை உள்ளே தள்ளும்போது ஷாஃப்ட்டின் பல்லு சீலின் உதட்டைக் கீறிவிடும். பேக்கிங் அருமையாக உட்கார்ந்திருக்கும், ஆயில் கிக்கர் வழியாக வரும். பல்லின் மேல் செல்லோடேப் சுற்றி, சீலில் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டுங்கள். கவர் உட்கார்ந்ததும் டேப்பை உருவிவிடலாம்.

திருநெல்வேலியிலிருந்து:

எங்கள் மாமாவிடம் பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட். அதில் இடது பக்க பிரைமரி செயின் (இன்ஜினிலிருந்து கிளட்ச்சுக்கு ஓடும் செயின்) கவரை நடுவில் ஒரே ஒரு நட்டுதான் பிடிக்கிறது, ஓரத்தில் ரப்பர் சீல். கசியும்போதெல்லாம் நட்டை இன்னும் ஒரு சுற்று முடுக்குவது அவர் பழக்கம். முடுக்க முடுக்க நடுப்பகுதி உள்வாங்கி, ஓரம் சீலை விட்டுத் தூக்கிக்கொள்ளும். "மாமா, இனிமேல் முடுக்காதீங்க" என்று சொல்லி, கவரைச் சமப்படுத்தி, புது ரப்பர் போட்டு, அளவாக இறுக்கியதும் நின்றது. அப்படியும் வேறெங்காவது ஆயில் வியர்த்தால், இன்ஜின் உள்ளே சேரும் காற்றை வெளியே விடுகிற பிரீதர் குழாயைப் பாருங்கள். அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல பேக்கிங்கையும் தாண்டி ஆயில் வெளியே வரும்.

முதலில் எழுதியவர்:

கிக்கர் சீல், பிரீதர் இரண்டும் சரியான சேர்க்கை. கசிவு எங்கே என்று சந்தேகம் இருந்தால், இன்ஜினைப் பெட்ரோலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, முகப் பவுடரை மேலே தூவிவிட்டு, வண்டியை நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். ஆயில் வழிந்து கீழேதான் சொட்டும். பவுடர் முதலில் நனைகிற மேல் இடம் எதுவோ, கழற்ற வேண்டியது அங்கேதான்.