முதல்முறை மெட்ராஸ்: தாம்பரத்துல இறங்கவா, எழும்பூர்லயா?

பாம்பன்_தெற்குவாடி:
அண்ணே, அம்மாவை சென்னை ஜி.ஹெச்.சுக்கு (அரசு பொது மருத்துவமனை) கூட்டிட்டுப் போகச் சொல்லி ராமநாதபுரத்துல எழுதிக் கொடுத்திருக்காங்க. ரெண்டு பேருக்குமே ஊர் புதுசு. அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியாது. ரயிலா, பஸ்ஸா? எங்க இறங்கணும்?

உச்சிப்புளியான்:
ரயில்தான். பஸ்ஸுல போனா இப்பக் கோயம்பேடு கிடையாது. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் 2023 டிசம்பர் கடைசியில திறந்ததுலேருந்து நம்ம பக்கத்து அரசு விரைவு பஸ்ஸெல்லாம் அங்கேயே நின்னுடும். அங்கேருந்து ஜி.ஹெச். கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். ரயில்னா தாம்பரத்துல இறங்கி, பீச் ஸ்டேஷன் போற எலெக்ட்ரிக் ட்ரெயின்ல ஜி.ஹெச். பக்கத்துல இருக்குற பார்க் ஸ்டேஷன். பத்து ரூபாய்தான். சீட் காலியா இருக்கேன்னு முதல் வகுப்புல மட்டும் ஏறிடாதீங்க, டி.டி. பிடிச்சா அபராதமே 250.

கீழக்கரை_காக்கா:
தம்பி சொல்ற வழி கைவீசிப் போறவங்களுக்கு. முட்டி வலிக்காரங்களைக் காலை ஆபீஸ் கூட்டத்துல தாம்பரத்துல ஏத்தவே கூடாது. நடைமேடை மாறவும் படி, பார்க்ல இறங்கினாலும் படி. எழும்பூர் வரைக்கும் டிக்கெட் எடுங்க. ஸ்டேஷனை ஒட்டியே மெட்ரோ இருக்கு, அடுத்த ஸ்டாப்பே ஜி.ஹெச். எதிர்ல இருக்குற சென்ட்ரல், பத்து ரூபாய். எதிர்ப்பக்க ரயில்ல ஏறினா கோயம்பேடு வழியா பரங்கிமலைக்குப் போயிடும், போர்டைப் பாருங்க. டிக்கெட்டை வெளியே வர்ற கேட்லயும் காட்டணும், கசக்கிப் போட்டுடாதீங்க.

சென்ட்ரல் மெட்ரோவுல புதுசா வர்றவங்க தடுமாறுறது லிஃப்ட்டுலதான். ஒரே லிஃப்ட் ரோடு வரைக்கும் வராது. நடைமேடையிலேருந்து டிக்கெட் தளத்துக்கு ஒண்ணு, அங்கேருந்து மேலே வேற ஒண்ணு. எல்லா வாசல்லயும் லிஃப்ட் இருக்காது. டிக்கெட் தளத்துலயே செக்யூரிட்டிகிட்ட "ஜி.ஹெச். பக்கம் லிஃப்ட் எது"ன்னு கேட்டுட்டு நடங்க. தப்பான வாசல்ல ஏறினா பூந்தமல்லி நெடுஞ்சாலையை அம்மாவோட கடக்கணும், அது ஆகாத காரியம்.

எழும்பூர்ல கட்டட வேலை நடக்குது. சில ரயிலைத் தாம்பரத்தோட நிறுத்துறாங்க, புக் பண்ணும்போதே கடைசி ஸ்டேஷன் எதுன்னு பாருங்க.

பாம்பன்_தெற்குவாடி:
சரிங்க காக்கா. ராயபுரத்துல சொந்தக்காரங்க இருக்காங்க, கருவாடு கொண்டு போகலாமா? உள்ளூர் பஸ், ஆட்டோ எப்படி?

தொண்டி_நண்டு:
கருவாடா! ஏசி மெட்ரோவுல பிளாஸ்டிக் பை மட்டும் போதாது. மூடி இறுக்கமான டப்பாவுல போட்டு மேலே டேப் சுத்துங்க. நெத்திலி பரவாயில்லை, திருக்கைன்னா பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

முன்பக்கம் பிங்க் அடிச்ச சாதாரண பஸ்ஸுல அம்மாவுக்கு இலவசம், நீங்க டிக்கெட் எடுக்கணும். டீலக்ஸ்ல ரெண்டு பேருக்கும் காசு. பஸ் நம்பருக்குப் பின்னாடி இருக்குற எழுத்தையும் சேர்த்துப் பாருங்க, எழுத்து மாறினா ரூட்டே மாறும். நம்பரோட 'கட்'னு இருந்தா பாதி வழியில நின்னுடும்.

ஆட்டோவுக்கு அரசு 2013ல வெச்ச மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. காகிதத்துல இருக்கு, அந்த ரேட்டுக்கு எவரும் வரமாட்டாங்க. 'நம்ம யாத்ரி'ங்கிற ஆட்டோ புக் பண்ற செயலியில அந்தத் தூரத்துக்கு என்ன காட்டுதுன்னு பார்த்துட்டு, ஏறுறதுக்கு முன்னாடியே பேசிடுங்க.

ஜி.ஹெச்.ல ஓ.பி. (வெளிநோயாளி) சீட்டு காலையிலதான், வரிசை நீளம். ராமநாதபுரத்துச் சீட்டு, பழைய ஸ்கேன், ஆதார், காப்பீட்டு அட்டை எல்லாத்துக்கும் ரெண்டு செட் ஜெராக்ஸ் ஊர்லயே எடுத்துக்குங்க.