தண்ணீர்ப் பந்தல் பண்டோங்கில் ரோஜா எசன்ஸ்: ஊற்றலாமா, கூடாதா?

தண்ணீர்மலை_தம்பி:
இந்தத் தைப்பூசத்துக்கும் எங்கள் பந்தலில் ரோஜா பண்டோங்தான் (ரோஜா சிராப்பும் பாலும் கலந்த பானம்), சிராப்பை நாங்களே காய்ச்சுகிறோம். எசன்ஸ் வாங்கிய கடையில் என்ன சரக்கு என்று கேட்டதற்கு, முக்கியமாக பினைல்எத்தில் ஆல்கஹால் என்று ஒரு தாளைக் காட்டினார்கள். அதைக் கேட்டதிலிருந்து குழுவில் சண்டை. சாமி பந்தலில் ஆல்கஹாலா என்கிறார் ஒருவர், பென்சீனில் செய்வதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதா என்கிறார் இன்னொருவர். வாசனை எண்ணெய்க் கடையில் 'தூய ரோஜா எண்ணெய்' 10 மில்லி 18 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கிறது, அதையே சொட்டிவிடலாம் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. சரிதானா?

செந்தூல்_அக்கா:
நல்ல முடிவு தம்பி. பென்சீனையும், கிருமி கொல்லும் வாயுவான ஈத்திலீன் ஆக்சைடையும் சேர்த்துச் செய்வது அந்தப் பினைல்எத்தில் ஆல்கஹால், இரண்டுமே புற்றுநோய் வரவைக்கும் பொருள்கள். இந்திய எள்ளில் ஈத்திலீன் ஆக்சைடு இருக்கிறது என்று 2020-ல் ஐரோப்பாவில் கடை கடையாகத் திரும்பப் பெற்றது மறந்துவிட்டதா?

லேப்கோட்டு:
அக்கா, அதைச் செய்யும் வழியில் அதுவும் ஒன்று, உண்மைதான். ஆனால் மாவில் புளிப்பு ஏற்றும் ஈஸ்ட்டும் இதே பொருளைச் செய்கிறது, ரொட்டியில் இருக்கிறது, பீரில் இருக்கிறது. மூலக்கூறு ஒன்றேதான், எங்கே பிறந்தது என்று நாக்குக்குத் தெரியாது. மிச்சம் மீதி தங்காதா என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. ஈத்திலீன் ஆக்சைடு 11 பாகைக்குள் கொதித்துவிடும், பென்சீன் 80-ல், இந்த ரோஜா வாசனைக்காரர் 220 பாகை வரை அசையமாட்டார். காய்ச்சி வடிக்கிறவனுக்கு இதைவிட எளிதான பிரிப்பு கிடைக்காது. அதனால்தான் உணவுத் தரச் சரக்கு என்று கேட்டு வாங்க வேண்டும், சோப்புக்கு விற்பதை வாங்கக் கூடாது. ஆல்கஹால் என்பது வேதியியல் குடும்பப் பெயர், பந்தலில் யாருக்கும் போதை ஏறாது.

செந்தூல்_அக்கா:
எல்லாவற்றுக்கும் இப்படித்தான் சொல்வீர்கள். லில்லிப்பூ வாசனைக்கு லிலியல் என்று ஒன்று, எத்தனை வருடம் ஷாம்புவிலும் செண்டிலும் பாதுகாப்பானது என்று விற்றார்கள், 2022 மார்ச்சில் ஐரோப்பா தடை போட்டது. இனப்பெருக்கத்தைப் பாதிக்கும் என்று அப்போதுதான் தெரிந்ததா? என் மகளுக்குப் பூவாசனை சோப்பு பட்டாலே கை தடித்துவிடும்.

லேப்கோட்டு:
லிலியல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஆனால் அது வேறு பொருள், தோலில் பூசும் சரக்கில் போட்டது. பூவாசனை என்பதால் எல்லாம் ஒரே சாதி ஆகாது. சோப்பில் ஒவ்வாமை தருபவை என்று ஐரோப்பாவில் பெயர் போட்டே ஆக வேண்டிய 26 பொருள்களின் பழைய பட்டியலில் ஹைட்ராக்ஸிசிட்ரோனெல்லால், ஜெரானியால், லினலூல் எல்லாம் இருந்தன, பினைல்எத்தில் ஆல்கஹால் இல்லை. வேடிக்கை என்னவென்றால் அந்த ஜெரானியால் நீங்கள் நம்பும் இயற்கை ரோஜா எண்ணெயில் தாராளமாக இருக்கிறது. மெத்தில் யூஜினாலும் சிறிதளவு உண்டு, எலிகளுக்குப் புற்றுநோய் வரவைப்பது அது. அமெரிக்கா அதன் செயற்கை வடிவத்தை உணவுச் சுவைப் பட்டியலிலிருந்து 2018-ல் எடுத்துவிட்டது.

பட்டர்வொர்த்_கணக்கன்:
எனக்கு வேதியியல் தெரியாது, கணக்குத் தெரியும். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,000 கிலோ இதழாவது வேண்டும் என்பார்கள். அப்படியானால் 10 மில்லிக்கு ஏறக்குறைய 30 கிலோ. 18 வெள்ளிக்கு எந்த ஊரில் 30 கிலோ ரோஜா கிடைக்கிறது? நம் மாலைக்கடையில் உதிரிப்பூ ஒரு கை அள்ளினாலே என்ன கேட்கிறார்கள் தெரியுமல்லவா. அந்தக் குப்பியில் இருப்பது என்ன என்று விற்கிறவருக்கே தெரியாது, அதைப் போய்ப் பிள்ளைகள் குடிக்கிற அண்டாவில் சொட்டுவதா?

செந்தூல்_அக்கா:
சரி, எண்ணெய் வேண்டாம். பன்னீர் ஊற்றுங்கள், கல்யாணத்தில் தெளிப்பது போல.

லேப்கோட்டு:
தாராளமாக, குடிக்கத் தகுந்தது என்று போட்டிருந்தால். ஆனால் பன்னீரின் மணமே பெரும்பாலும் இந்தப் பினைல்எத்தில் ஆல்கஹால்தான் அக்கா! ரோஜாவை ஆவியில் வடிக்கும்போது எண்ணெய் மேலே மிதக்கும், இது மட்டும் நீரில் ஓரளவு கரையும் என்பதால் கீழே தண்ணீரிலேயே தங்கிவிடும். கல்யாணத்தில் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் நம் தலையில் தெளித்திருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன் தம்பி. எலிக்கு வாய்வழி கொடுத்த சோதனைகளில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை கிராம் அளவுக்குப் போனால் பாதி சாகின்றன, அண்டாவில் சில சொட்டு அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் கலக்காத சரக்கு கண்ணில் தெறித்தால் நன்றாக எரியும், குப்பியைத் திறந்தபடி சின்னப் பையன்கள் கையில் கொடுக்காதீர்கள்.

செந்தூல்_அக்கா:
எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை, என் பிள்ளைக்கு நான் கொடுக்கமாட்டேன். ஆனால் சிராப்பில் போடும் சிவப்புச் சாயத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே? தமிழ்நாட்டில் 2024-ல் பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது வாசனைக்காகவா, ரோடமின் சாயத்துக்காக.

லேப்கோட்டு:
இது சரியான கேள்வி, இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பான்சோ 4ஆர் என்ற சிவப்புச் சாயம் போன்ற சில சாயங்கள் உணவில் இருந்தால், பிள்ளைகளின் கவனத்தைப் பாதிக்கலாம் என்று ஐரோப்பாவில் 2010-லிருந்து லேபிளில் அச்சிட வேண்டும். தம்பி, எந்தச் சாயம் போடுகிறீர்கள்? சீனி எவ்வளவு?

தண்ணீர்மலை_தம்பி:
சாயம் பொடியாகப் பொட்டலத்தில் வாங்கியது, பெயரே இல்லை. சீனி 20 லிட்டர் அண்டாவுக்கு 4 கிலோ.

பட்டர்வொர்த்_கணக்கன்:
அடேயப்பா, 200 மில்லி கோப்பைக்கு 40 கிராம். எசன்ஸைப் பற்றி இத்தனை நேரம் சண்டை போட்டோமே!

தண்ணீர்மலை_தம்பி:
பொட்டலத்தைக் குப்பையில் போட்டுவிட்டேன். எசன்ஸ் உணவுத் தரம்தானா என்று கடையில் கேட்டுவிட்டு வருகிறேன், சீனியைப் பாதியாக்கினால் பக்தர்கள் திட்டுவார்களா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.