ஹார்ட் டிஸ்க் போன நெட்புக்குக்கு எந்த லினக்ஸ்?

கேள்வி:
2010-இல் வாங்கிய நெட்புக். ஆட்டம் சிப், 32 பிட், 1 ஜிபி ராம். ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது. திரையும் கீபோர்டும் இன்னும் புதுசு மாதிரி இருக்கின்றன, தூக்கிப்போட மனம் வரவில்லை. அப்பா கடைக் கணக்கு போட்டால் போதும். விண்டோஸுக்குப் பதிலாகப் பென்டிரைவிலிருந்தே ஓடுகிற லினக்ஸ் இருக்கிறதா?

பதில் 1:
டைனி கோர் பாருங்கள். டெஸ்க்டாப்போடு சேர்த்தே சுமார் 23 எம்பிதான். பிரவுசர்கூட இருக்காது, வேண்டியதை ஒவ்வொன்றாக இறக்கிக்கொள்ள வேண்டும். ஒன்று மட்டும் கவனம்: எல்லாம் ராமில்தான் நடக்கிறது. மூடும்போது பேக்கப் எடுத்தால்தான் ஹோம் ஃபோல்டரில் உள்ளவை பென்டிரைவுக்குப் போகும். பேட்டரி போன லேப்டாப்பில் ஓட்டிக்கொண்டிருந்தேன், கரண்ட் போனது, இரண்டு மணி நேரம் எழுதிய குறிப்பு மொத்தமும் போச்சு.

பதில் 2:
அப்பாவுக்கு என்றால் பப்பி லினக்ஸ்தான் சரி. ஆஸ்திரேலியாவின் பாரி கௌலர் 2003-இல் தொடங்கியது. இதுவும் ராமில் ஏறி ஓடும், ஆனால் கணக்குப் போட எக்ஸெல் மாதிரியான நியூமெரிக் கூடவே வரும். உங்கள் சிப்புக்கு பப்பியின் 32 பிட் பதிப்பான பயோனிக்பப்32 எடுங்கள். முதல்முறை மூடும்போது செய்ததைப் பென்டிரைவில் வைத்துக்கொள்ள சேவ் ஃபைல் உருவாக்கவா என்று கேட்கும், சரி என்று சொல்லுங்கள். அடுத்த முறையிலிருந்து டெஸ்க்டாப்பில் சேவ் ஐகான் வரும். பத்து வரி எழுதியதும் அதை ஒரு தட்டு தட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பப்பியில் எப்போதும் ரூட்டாகவே, அதாவது எதையும் மாற்றும் முழு அதிகாரத்தோடு இருப்பீர்கள். அதனால் பேங்க் வேலை எதையும் அதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கேட்டவர்:
பயோனிக்பப் போட்டாயிற்று! டெஸ்க்டாப் வந்ததும் நாய் குரைக்கிற சத்தம், அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். நியூமெரிக் சட்டென்று திறக்கிறது. பிரவுசரில் ஒரு டேப் தாங்குகிறது, மூன்றாவது திறந்தால் திணறுகிறது. ஆனால் தமிழ்ச் செய்தித் தளங்களில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

பதில் 2:
தமிழ் ஃபான்ட் இல்லை, அவ்வளவுதான். ஏதாவது ஒரு யூனிகோட் தமிழ் ஃபான்ட் ஃபைலை 'ரூட்' என்ற பெயருள்ள ஃபோல்டருக்குள் '.ஃபான்ட்ஸ்' என்ற ஃபோல்டரில் போடுங்கள். பெயரை ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில், முன்னால் புள்ளி வைத்து எழுத வேண்டும். பிரவுசரை மூடித் திறங்கள்.

கேட்டவர்:
வந்துவிட்டது. அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தலைப்புச் செய்தியைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கிறார். சேவ் ஐகானையும் தட்டிவிட்டேன். ரொம்ப நன்றி.