ஃப்ரீபிஎஸ்டி: சிஸ்டத்துக்கு ஒரு கம்பைலர் ஆப்ஷன், போர்ட்ஸுக்கு வேறு. முடியுமா?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. ரைசன் டெஸ்க்டாப்பில் ஃப்ரீபிஎஸ்டி ஆபரேட்டிங் சிஸ்டத்தை சோர்ஸிலிருந்து பில்ட் செய்கிறேன். அதிலேயே போர்ட்ஸிலிருந்து (சிஸ்டத்துக்கு வெளியே உள்ள மென்பொருள்களை சோர்ஸிலிருந்து கட்டும் தொகுப்பு) பேக்கேஜும் தயாரித்து, அப்பாவின் பழைய கோர் 2 டூவோ லேப்டாப்பில் போடுவேன். இடிசி ஃபோல்டரில் உள்ள மேக்.கான்ஃப் ஃபைலில் 'சிபியுடைப்?=நேட்டிவ்' (பில்ட் ஆகும் கணினியின் சிபியுவுக்கே ஏற்றபடி கட்டச் சொல்லும் வரி) சேர்த்ததிலிருந்து, லேப்டாப்பில் விம் எடிட்டரைத் திறந்தாலே 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்'. டெஸ்க்டாப் சிஸ்டத்துக்கு மட்டும் நேட்டிவ் போதும். எப்படிப் பிரிப்பது?

பதில்:
ரைசனில் ஏவிஎக்ஸ் என்ற சிபியு கட்டளைகள் உண்டு, கோர் 2-வில் கிடையாது. நேட்டிவ் போட்டால் கம்பைலர் அவற்றையும் பயன்படுத்தும். காரணம் அதுதான். பில்ட் செய்யும் கருவியான மேக் எங்கே ஓடினாலும் மேக்.கான்ஃபைப் படிக்கும், நீங்களே எழுதும் சின்ன சி புரோகிராமுக்கும் அந்த வரி போய்ச் சேரும். அதனால் அதை அங்கிருந்து எடுத்துவிட்டு, அதே இடிசியில் எஸ்ஆர்சி.கான்ஃப் என்ற ஃபைலில் போடுங்கள். சிஸ்டம் சோர்ஸை பில்ட் செய்யும்போது மட்டும்தான் அது படிக்கப்படும், போர்ட்ஸ் அதைத் தொடாது.

மாற்றியதும் நேரே பில்ட் வேர்ல்டு (முழு சிஸ்டத்தையும் கட்டுவது) ஓட்டாதீர்கள். முதலில் யுஎஸ்ஆர்/எஸ்ஆர்சி/பின்/எல்எஸ் உள்ளே போய் 'மேக் -வி சிஃபிளாக்ஸ்' கொடுங்கள், கம்பைலருக்குப் போகும் ஆப்ஷன்களைக் காட்டும். பிறகு விம் போர்ட் ஃபோல்டரிலும் அதையே கொடுங்கள். முதலாவதில் 'மார்ச்=நேட்டிவ்' வர வேண்டும், இரண்டாவதில் வரக் கூடாது.

இன்னொருவர்:
எல்லாவற்றையும் மேக்.கான்ஃபிலேயே வைத்துக்கொள்ள விரும்பினால், கர்டிர் மாறி (மேக் ஓடும் ஃபோல்டரின் பாதை) யுஎஸ்ஆர்/போர்ட்ஸ் பாதையோடு பொருந்துகிறதா என்று '.இஃப்' போட்டும் பிரிக்கலாம். போர்ட்ஸ் மரத்தை வேறு இடத்தில் வைத்திருந்தால் அந்த '.இஃப்' பொருந்தாது, எர்ரரும் வராது. எனக்கு எஸ்ஆர்சி.கான்ஃப்தான் நம்பகமானதாகப் படுகிறது. பூட்ரியர் (போர்ட்ஸ் பேக்கேஜ்களை மொத்தமாகக் கட்டும் கருவி) பயன்படுத்துவோர் கவனிக்க: அது இடிசியில் உள்ள மேக்.கான்ஃபை எடுக்காது, பூட்ரியர்.டி ஃபோல்டரில் தனி மேக்.கான்ஃப் வைக்க வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. எல்எஸ்ஸில் 'மார்ச்=நேட்டிவ்' வருகிறது, விம்மில் இல்லை. விம்மை மறுபடி பில்ட் செய்து லேப்டாப்பில் போட்டேன். இன்னும் அதே எர்ரர்!

முதல் பதில் தந்தவர்:
விம் நம்பியிருக்கும் லைப்ரரிகள் பழைய ஆப்ஷனோடே இருக்கின்றன. நேட்டிவ் இருந்த காலத்தில் பில்ட் ஆன எல்லா போர்ட்டையும் திரும்ப பில்ட் செய்ய வேண்டும். போர்ட்ஸை நிர்வகிக்கும் போர்ட்மாஸ்டர் கருவி இருந்தால் 'போர்ட்மாஸ்டர் -ஏஎஃப்' எல்லாவற்றையும் மறுபடி கட்டும். ராத்திரி ஓடவிடுங்கள், நேரம் பிடிக்கும். முடிந்ததும் புது பேக்கேஜ்களையே லேப்டாப்பில் போடுங்கள்.

கேட்டவர்:
எல்லாம் மறுபடி கட்டியாயிற்று. லேப்டாப்பில் விம் திறக்கிறது, அப்பாவின் பிரவுசரும் ஓடுகிறது.